என் பேரில் அறுபத்திரண்டு ஆடுகள்

இல்லீங்க, நீங்க தப்பா நெனச்சுக்கிட்டீங்க. நான் ஆட்டுக்காரன் இல்லீங்க. கையில தடி இருக்குது, தலையில துண்டு கெடக்குது, முன்னால ஆடு மேயுது. அதைப் பாத்துப்போட்டு "ஏனுங்க ஆட்டுக்காரரே, பஞ்சர் கடை பக்கத்துல இருக்குதா"ன்னு கேட்டுப்போட்டீங்க. பரவால்லீங்க. வெளியூருக்காரருக்கு என்ன தெரியும். பஞ்சர் ஒட்டறவன் வெள்ளக்கோயல்ல இருந்துதான் வரோணும். போன் பண்ணிட்டீங்கல்ல, ஒரு மணி நேரம் ஆகும். கார் அங்கயே நிக்கட்டும். சித்தெ இப்படி வேலாமரத்து நெழலுக்கு வாங்க.

என்ர பேரு சென்னியப்பன். இந்தக் காடு என்னுது. அதா கிளுவை வேலி தெரியுதல்லங்க, அதுல இருந்து இந்தத் தாருரோடு வரைக்கும், முப்பத்திரண்டு ஏக்கரா. உழுகற காடு இல்லீங்க, கொறங்காடு. சுத்தியும் வேலி போட்டு, ஆடு மாடு மேயறதுக்குன்னே பில்லு உட்ட காடு. எங்க பக்கத்துல இது வழக்கம். காட்டுக்காரன் காட்டைக் குத்தகைக்கு உடுவான், ஆட்டுக்காரன் ஆட்டை ஓட்டியாந்து மேய்ப்பான். காட்டுக்காரன் காட்டுக்காரன்தான், ஆட்டுக்காரன் ஆட்டுக்காரன்தான். நான் காட்டுக்காரனுங்க. இந்த ஒண்ணை மட்டும் நெஞ்சுல வெச்சுக்கங்க, பாக்கியெல்லாம் தன்னால வெளங்கீரும்.

அப்பற எதுக்கு ஆட்டுக்குப் பின்னால நிக்கறன்னு கேப்பீங்க. அதுதானுங்க கதை. நல்லது பண்ணப் போயி நாசமாப் போனது.

இந்தக் காட்டுல பதினோரு வருசமா குப்பணன்னு ஒருத்தன் குத்தகைக்கு மேச்சுட்டு இருந்தான். அவனும் அவன்ர பொண்டாட்டி பாவாத்தாளும். அதா, அந்த மூலையில ஓலைச்சாளை ஒண்ணு சாஞ்சு கெடக்குதல்ல, அங்கதான் குடியிருந்தாங்க. எங்க சொந்தத்துல ஒருத்தனை எப்படி வெச்சிருப்பமோ அப்படி வெச்சிருந்தனுங்க. காத்தால எங்கூட்டு வாசலுக்கு வந்தான்னா காப்பித்தண்ணி இல்லாம அனுப்பமாட்டம். அவனுக்குன்னு தனியா ஒரு டம்ளரே வெச்சிருந்தம்னா பாத்துக்கங்க. வேற யாரும் அதைத் தொடமாட்டாங்க. ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிச் செவுத்து மேல, அவன்ர டம்ளர் அவனுக்கு. எந்தக் காட்டுக்காரப் பண்ணாடி இப்படிச் செய்வான், சொல்லுங்க?

அப்பற மழை ஏமாத்திப்போடுச்சு. ரண்டு வருசம் சேந்தாப்பல. கொழுக்கட்டைப் பில்லுன்னு ஒண்ணு இருக்குதுங்க, எத்தனை வெயில் அடிச்சாலும் வேரு மண்ணுக்குள்ள உசுரோட கெடக்கும், ஒரு தூத்தல் உழுந்தா எந்திரிச்சு நிக்கும். அதே கருகிப் பொடியாப் போச்சு. காத்தடிச்சா காடு பறக்குது. குப்பணன் சோளத்தட்டை வெலைக்கு வாங்கியாந்து ஆட்டுக்குப் போட்டான். பாவாத்தா காதுல இருந்தது போச்சு, கழுத்துல இருந்தது போச்சு. எனக்கும் வெசனம்தானுங்க. தையில குடுக்கற குத்தகைப் பணத்தை அந்த வருசம் மாசியிலதான் குடுத்தான். நான் மொகம் சுளிக்கலியே. மத்தவனா இருந்தா சுளிச்சிருப்பான்.

"பண்ணாடி, காட்டுல ஒரு பில்லு இல்லீங்களே. இந்த வருசம் பாதி கொறச்சுக்கங்க"ன்னு ஒருக்கா கேட்டான்.

"ஏன்டா குப்பணா, நான் பில்லுக்கா குத்தகை வாங்கறன்? காட்டுக்குத்தான வாங்கறன். காடு எங்கயாச்சும் போயிருச்சா?"ன்னு கேட்டன்.

அவனுக்கே நாயம் தெரிஞ்சு போச்சு. முழுசாக் குடுத்துட்டான்.

அப்படி இருக்கறப்பத்தான் கவருமெண்டு அறிவிச்சாங்க. மேச்சல் காஞ்சுபோன ஆட்டுக்காரங்களுக்கு நிவாரணம். ஒரு ஆட்டுக்கு இத்தனைன்னு, ரண்டு தவணையில. மொதத் தவணை பேரு பதிஞ்ச ஒடனே. ரண்டாந்தவணை ஆட்டை நேர்ல வந்து எண்ணிப் பாத்துட்டு. குப்பணன் எனக்கு முன்னாலயே தெரிஞ்சுக்கிட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போயிருக்கறான். அங்க என்ன கேட்டாங்கன்னா, "ஆடு இருக்குது சரி, மேச்சல் காஞ்ச காடு எங்க? பட்டா எங்க? பட்டா இல்லீன்னா குத்தகைப் பத்திரம் எங்க?"

எங்ககிட்ட எப்பங்க பத்திரம் இருந்துச்சு? எல்லாம் வாய்வார்த்தைதான். அன்னைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள புருசனும் பொண்டாட்டியும் எங்கூட்டு வாசல்ல நிக்கறாங்க.

"பண்ணாடி, நாங்க உங்க காட்டுல குத்தகைக்கு இருக்கறம்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, போதும்"ங்கறான்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. இன்னைக்குக் குத்தகைன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு எந்தச் சட்டத்தைக் காட்டி என்ன கேப்பான்னு யாருக்குத் தெரியும்? நான் அவனை நம்பாம இல்லீங்க. அவனை நம்பினன். எழுத்தைத்தான் நம்பல. அப்படி ரோசனை பண்ணிட்டு இருக்கறப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு தோணுச்சு. அவன்கிட்ட ஆடு இருக்குது, காடு இல்லை. என்கிட்ட காடு இருக்குது, ஆடு இல்லை. ரண்டும் ஒரே பேர்ல இருந்தாப் பணம் வந்துரும். காட்டை அவன் பேருக்கு மாத்த முடியுங்களா? முடியாது. ஆட்டை மாத்தலாம். ஆடு என்ன, காதுல ஒரு மஞ்ச வில்லை குத்தறதுதான.

"ஆட்டை என்ர பேர்ல பதிஞ்சுக்கலாம். பேப்பர்ல மட்டும். வர்றதுல உனக்கு வேண்டியதை நான் செய்யமாட்டனா?"ன்னு சொன்னன்.

குப்பணன் சரின்னு தலையாட்டிட்டான். நல்லவனுங்க அவன். இந்தப் பாவாத்தாதான் கொஞ்சம் வாய். "காதுல குத்தற வில்லை உங்க பேர்லீன்னா, அப்பற ஆடு யாருதுங்க?"ன்னு கேட்டா.

"ஆடு உங்களுதுதான் அம்மணி. பேருதான் என்னுது."

"பேரு உங்களுது"ன்னு ஒருக்கா அவளே சொல்லிப் பாத்துக்கிட்டா. மனசுல எழுதி வெக்கற மாதிரி. எனக்கு அன்னைக்கு அது உறைக்கலீங்க.

கால்நடை டாக்டரு வந்தாரு. பட்டியில அறுவத்திரண்டு ஆட்டையும் நிறுத்தி ஒவ்வொண்ணாக் காதுல குத்துனாங்க. குப்பணன்தான் ஒவ்வொரு ஆட்டையும் கழுத்தைக் கட்டிப் புடிச்சுக் குடுத்தான். நான் குடை புடிச்சுட்டு நின்னன், வெயில் தாங்கல. டாக்டரு அவனைக் காட்டி "இவரு யாருங்க"ன்னு கேட்டாரு. "நம்ம ஆளுங்க. கூலிக்கு மேய்க்கறான்"ன்னு சொன்னன். வேற என்னங்க சொல்ல முடியும்? அவரும் அதை அப்படியே எழுதி, அவன்கிட்டக் கையெழுத்துக் கேட்டாரு. அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். எழுதியிருந்ததைப் படிச்சான். அப்பற ஒரு ஆட்டு முதுகு மேல அட்டையை வெச்சுக் கையெழுத்துப் போட்டான். அஞ்சே எழுத்து, குப்பணன்னு, முத்து முத்தாப் போட்டான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

மொதத் தவணை குடுக்கறதுக்கு ஒரு விழா வெச்சாங்க. கல்யாண மண்டபத்துல மேடை, பந்தல், மைக்செட்டு. மேலிடத்துல இருந்து பெரிய அதிகாரி வர்றாரு. ஒவ்வொரு ஊருக்கும் ஒருத்தர் மேடையில வாங்கோணும், எங்கூருக்கு நான். வர்றப்ப ஆளுக்கு ஒரு ஆட்டுக்குட்டி கொண்டாரோணும், போட்டோவுக்குன்னு சொல்லிப்போட்டாங்க. எனக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. குட்டியைக் குப்பணனும் பாவாத்தாளும் சரக்கு ஆட்டோவுல கொண்டாந்தாங்க. மேடைக்குப் பின்னால நின்னு, என்ர பேரைக் கூப்புட்ட ஒடனே குட்டியைத் தூக்கி என்ர கையில குடுத்தாங்க.

நான் ஆயுசுல ஆட்டுக்குட்டி தூக்குனதில்லீங்க. அது காலை ஒதறுது. நான் பச்சக்கொழந்தையப் புடிக்கறாப்பல புடிச்சன். அது சட்டை மேலயே சலசலன்னு மூத்தரம் உட்டுப்போடுச்சு. கீழ அத்தனை சனமும் சிரிக்குது. அந்த அதிகாரி நல்ல மனுசன், சிரிச்சுக்கிட்டே, "ஐயா, இந்த வறட்சியில ஆட்டையெல்லாம் எப்படிக் காப்பாத்துனீங்க?"ன்னு மைக்கை என்ர வாய்க்கு நேரா நீட்டறாரு.

எனக்கு என்னங்க தெரியும்? பின்னால திரும்பிப் பாத்தன். குப்பணன் தலையைக் குனிஞ்சு நிக்கறான். பாவாத்தாதான் மெதுவாச் சொன்னா, "சோளத்தட்டு, பருத்திக்கொட்ட, பாதி நாளைக்கு வேலாங்காயி. தோடு வித்தது."

நானும் மைக்குல சொன்னன். "சோளத்தட்டுங்க, பருத்திக்கொட்டைங்க, வேலாங்காயிங்க. சம்சாரத்தோட தோட்டை வித்துத்தான் காப்பாத்துனனுங்க."

அடேயப்பா, என்ன கைதட்டலுங்கறீங்க! அந்த அதிகாரி கண்ணே கலங்கிப் போச்சு. மறுநாள் பேப்பர்ல போட்டோ. நானும் குட்டியும். எங்கூட்டுக்காரி பேப்பரைப் பாத்துப்போட்டு ரண்டு நாளைக்கு என்கிட்டப் பேசலீங்க. "என்ர தோட்டை எப்ப வித்தீங்க? காதுல கெடக்கறது என்ன தகரமா?"ங்கறா. பொம்பளைகளுக்குப் பொது வாழ்க்கை புரியறதில்லீங்க.

பணம் பேங்குல ஏறுச்சு. ஏறுன வாரமே நான் சொன்ன சொல்லைக் காப்பாத்துனன். குப்பணனுக்கு ஒரு வேட்டி, பாவாத்தாளுக்கு ஒரு சீலை. சும்மா சந்தைச் சீலை இல்லீங்க, கரை வெச்சது. தீவாளிக்கு ஒரு மாசம் இருக்கறப்பவே குடுத்தன். தட்டுல வெச்சுக் குடுத்தம்.

குப்பணன் வாங்கிக்கிட்டான். பாவாத்தா தட்டையே பாத்துட்டு நின்னா. "அப்பற நிவாரணம்ங்க?"ன்னு கேட்டா.

"ரண்டாந்தவணை வரட்டும் அம்மணி. இப்ப வந்தது, ஆபீசுக்கு அலைஞ்சது, ஆளுகளைப் பாத்தது, வேலி கட்டுனது, அதுக்கே சரியாப் போச்சு. மேச்சல் காஞ்சதுல என்ர காட்டுக்கு எத்தனை நட்டம்னு உனக்குத் தெரியாதா?"

சீலையைத் தட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டா. மறந்துட்டான்னு நெனச்சு எங்கூட்டுக்காரி எடுத்து வெச்சா. அதை இப்ப அவளே கட்டிக்கறா.

ஐப்பசியில ஒரு நாள் காத்தால வந்து பாக்கறன், காடு வெறிச்சோன்னு கெடக்குது. படல் சாத்தி, கயிறு போட்டுக் கட்டியிருக்குது. சாளையில சட்டி பானை ஒண்ணு இல்லை. ஆட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு ரண்டு பேரும் போயிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லலீங்க. பதினோரு வருசம்!

மூலனூருக்கு அக்கட்டால ஒரு கொறங்காட்டுல இருக்கறாங்கன்னு சேதி வந்துச்சு. அங்க ஒரு மழை பேஞ்சு பில்லு வந்திருந்துச்சாம். அந்தக் காட்டுக்காரன் பத்திரம் எழுதியே குத்தகைக்குக் குடுத்துட்டானாம். சரி, பொழச்சுப் போறாங்கன்னு நானும் உட்டிருப்பனுங்க. எனக்குப் பெரிய மனசு. ஆனா அதே வாரம் ஆபீசுல இருந்து கடுதாசி வருது. அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை ஜில்லாவுல இருந்து குழு வருது, அறுவத்திரண்டு ஆட்டையும் வில்லை நெம்பரோட காட்டோணும். காட்டலீன்னா வாங்குன பணத்தைத் திருப்பிக் கட்டோணும், பொய்க் கணக்குக் குடுத்ததுக்குக் கேசும் வரும்.

கடுதாசியை ரண்டு தரம் படிச்சன். அப்பற நிதானமா யோசிச்சுப் பாத்தன். ஆடு யாரு பேர்ல இருக்குது? என்ர பேர்ல. என்ர பேர்ல இருக்கற ஆட்டை ஒருத்தன் சொல்லாம ஓட்டிக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு என்னங்க? நேரா டேசனுக்குப் போனன்.

அங்க எஸ்.ஐ. ஒரு பொண்ணுங்க. எங்க பையன் வயசுதான் இருக்கும். மரியாதையா உக்கார வெச்சுக் கேட்டா. குப்பணனையும் பாவாத்தாளையும் வரச்சொல்லி ஆள் அனுப்பி, அவங்களும் வந்து ஓரமா நின்னாங்க. நான் கவருமெண்டுப் பேப்பரையெல்லாம் மேசை மேல பரப்புனன். வில்லை நெம்பரு, என்ர பேரு, குப்பணன் கூலிக்கு மேய்க்கறான்னு அவனே போட்ட கையெழுத்து. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் படிச்சுப்போட்டு, "சரிங்கய்யா, பேப்பர் எல்லாம் தெளிவா இருக்கு. எழுதிக்கறேன். நீங்க எத்தனை வருசமா ஆடு மேய்க்கறீங்க?"ன்னு கேட்டா.

நீங்களே சொல்லுங்க. டேசன்ல ஏட்டு நிக்கறாரு, எங்கூருக்காரங்க ரண்டு பேரு வெளிய நிக்கறாங்க. அத்தனை பேருக்கு முன்னால என்னைப் பாத்து ஆடு மேய்க்கறீங்களான்னு கேட்டா எப்படி இருக்கும்?

"என்னங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க? நான் எதுக்கு ஆடு மேய்க்கறன்? முப்பத்திரண்டு ஏக்கரா இருக்குது எனக்கு. எங்க வம்சத்துல ஒருத்தன் ஆட்டுத்தடி தொட்டதில்லை. பதினோரு வருசமாக் குத்தகைக்குத்தான் உட்டிருக்கறன். இதா நிக்கறானே, இவன்கிட்டக் கேளுங்க. இந்தப் பஞ்சத்துலயும் குத்தகையில ஒத்த ரூவா கொறைக்காம வாங்குனவன் நானு!"

எழுதிட்டு இருந்த பேனாவை அந்தப் பொண்ணு கீழ வெச்சுப்போடுச்சு.

"காட்டை இவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"அப்ப அதுல மேஞ்ச ஆடு?"

நான் மேசை மேல இருந்த பேப்பரைப் பாத்தன். குப்பணன் அப்பவும் தலையைத் தூக்கல. பாவாத்தாதான், "பேரு அவங்களுதுங்க மேடம்"ன்னு சொன்னா. அதுல ஒரு குத்தல் இருந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க.

அந்தப் பொண்ணு பேப்பரையெல்லாம் அடுக்கி என்ர பக்கம் தள்ளுச்சு. "ஐயா, இதுக்கு மேல நான் எழுதுனா உங்க பேர்லதான் எழுதணும். வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

வாங்கிக்கிட்டன். பெரிய மனுசனுக்கு அழகு பெருந்தன்மைதானுங்களே.

ஆனா வெள்ளிக்கெழமை வருதல்ல? ரண்டு நாள் சோறு எறங்கல. மூணா நாள் வண்டியை எடுத்துக்கிட்டு மூலனூருக்குப் போயிட்டன். பில்லு முழங்காலுக்கு நிக்குது அங்க. ஆடு ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு. மஞ்ச வில்லை மட்டும் காதுல அப்படியே ஆடுது. குப்பணன் அக்கட்டால நின்னு ஆட்டைப் பாத்துட்டு இருந்தான், கிட்ட வரல. பாவாத்தாதான் பேசுனா.

"ஒரே ஒரு நாளைக்கு ஆட்டை ஓட்டியாங்க அம்மணி. எண்ணிட்டுப் போயிருவாங்க. போன ஒடனே ஓட்டிக்கிட்டு வந்துரலாம்"ன்னு கேட்டன். நான்! அவகிட்ட!

"வாடகைக்கு உடறதில்லீங்க. வேணும்னா வெலைக்கு எடுத்துக்கங்க. அறுவத்திரண்டையும்."

"என்ர பேர்ல இருக்கற ஆட்டை நானே வெலை குடுத்து வாங்கறதா?"

"பேருதானுங்களே உங்களுது"ன்னா. கோபமாச் சொல்லலீங்க. சந்தையில கத்திரிக்காய்க்கு வெலை சொல்ற மாதிரி சொன்னா.

வெலையும் சந்தை வெலைதான் சொன்னா. ஒத்த ரூவா எச்சாச் சொல்லல. ஒத்த ரூவா கொறைக்கவும் இல்லை. கையில பணத்தை வெச்சாத்தான் ஆட்டை ஓட்டலாம்னுட்டா. நிவாரணம் வந்ததைப் போல எத்தனை பங்குன்னு என்னைக் கேக்காதீங்க. எங்கூட்டுக்காரி காதுல கெடந்ததும் போச்சு. மைக்குல சொன்னது நெசமாயிருச்சுன்னு அவ இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டறா. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கற என்ர பையன் தீனதயாளன் போன்ல சிரிக்கறானுங்க, "அப்பா, நட்டத்துக்குக் குடுத்த பணத்துலயே நட்டப்பட்ட ஒரே ஆளு நீங்கதான்"னு. பெத்த பையன் பேசற பேச்சா இது?

வெள்ளிக்கெழமை குழு வந்துச்சு. எண்ணுனாங்க. அறுவத்திரண்டு. வில்லை நெம்பரு ஒண்ணு கூடப் பெசகல. "ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க"ன்னு பாராட்டிட்டுப் போனாங்க. போறப்ப ஒரு அட்டையில கையெழுத்து வாங்குனாங்க. என்னடான்னு பாத்தா, நிவாரணம் வாங்குனவங்க மூணு வருசத்துக்கு ஆட்டை விக்கக்கூடாதாம்.

அவங்க கார் வேலிக்கு நடுவால இருக்கற இட்டேரியைத் தாண்டல, வானம் கட்டிக்கிட்டு வந்துச்சு. ரண்டு வருசமா எட்டிப் பாக்காத மழை, அன்னைக்குன்னு புடிச்சுக்கிட்டு நாலு நாள் ஊத்துது. ஊரெல்லாம் சந்தோசம். கோயல்ல பொங்க வெக்கறாங்க. நான் மட்டும் திண்ணையில உக்காந்து ரண்டாந்தவணையை நெனச்சுட்டு இருந்தன். பத்தே நாள்ல அறிவிச்சுட்டாங்க, ஜில்லாவுல வறட்சி நீங்கிருச்சு, ரண்டாந்தவணை ரத்துன்னு. பாத்தீங்களா அநியாயத்தை? இத்தனை பில்லு நிக்குதே, இந்தப் பில்லால ஒரு மனுசனுக்கு இத்தனை நட்டம் வந்திருக்குதுன்னு கேக்க ஒரு நாதி இல்லீங்க.

ஆள் வெச்சு மேய்க்கலாம்னு பாத்தன். ஒருத்தன் வந்தான், பத்து நாள்ல மில்லு வேன்ல ஏறிப் போயிட்டான். இன்னொருத்தன் காட்டைப் பாத்தான், ஆட்டைப் பாத்தான், என்னைப் பாத்தான், போயிட்டான். குப்பணன் பேரைச் சொல்லி எதோ கேள்விப்பட்டிருக்கறான் போல. எங்கூட்டுக்காரிக்கு முழங்கால் வலி. அப்பற யாரு இருக்கறா? அதுதானுங்க நான் நிக்கறன். தற்காலிகமா. மூணு வருசத்துல ரண்டு மாசம் ஓடிப்போச்சு.

கஷ்டம்ங்க. சும்மா சொல்லக்கூடாது. ஆடு மேய்க்கறதுன்னா ஆட்டுக்குப் பின்னால நடக்கறதுன்னு நெனச்சுட்டு இருந்தன். எது எங்க போகும், எது எதைத் திங்கும், எது நொண்டுது, எது நோவுல நிக்குது, ஒண்ணும் தெரியலீங்க எனக்கு. எல்லாம் ஒரே மூஞ்சியாத் தெரியுது. காதைத் திருப்பி நெம்பரைப் படிச்சாத்தான் எதுன்னு தெரியும்.

போன வாரம் ஒண்ணு ஆச்சுங்க. உச்சி வெயில். ஒரு ஆடு காட்டு ஓரத்துப் பொழிக்கிட்டப் படுத்துக்கிட்டு எந்திரிக்கல. கத்துது. குட்டி போடப்போகுதுன்னு தெரிஞ்சுது. ஒரு காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, வரமாட்டீங்குது. டாக்டருக்குப் போன் அடிச்சன், மீட்டிங்குல இருக்கறன்னாரு. ஆடு கழுத்தைத் தரையில போட்டுருச்சு, கண்ணு சொருகுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் நட்டத்துக்குப் பயப்படலீங்க. நெசமாச் சொல்றன், அது என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதைத் தாங்க முடியல.

குப்பணனுக்கு அடிச்சன். எடுக்கமாட்டான்னுதான் நெனச்சன். எடுத்தான். "குப்பணா, ஆடு"ன்னன். "எது?"ன்னான். எதுன்னு கேட்டா எனக்கென்ன தெரியும், காதைத் திருப்பி நெம்பரைச் சொன்னன். "நெம்பரு தெரியாதுங்க. எப்படி இருக்கும்?" நெத்தியில வெள்ளை, வலது காது ஓரம் கிழிஞ்சிருக்குதுன்னன். "அதுவா"ன்னான். போனை வெச்சுட்டான்.

முக்கா மணி நேரத்துல டி.வி.எஸ். வண்டியில வந்தாங்க, ரண்டு பேரும். பாவாத்தா படலுக்கு வெளியவே வண்டிக்கிட்ட நின்னுக்கிட்டா. உள்ள காலு வெக்கல. குப்பணன் செருப்பைப் படல்கிட்டக் கழட்டிப் போட்டுட்டு ஓடியாந்தான். ஆட்டுத் தலையைத் தடவி என்னமோ சொன்னான். அது என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல. நீட்டிக்கிட்டு இருந்த காலை உள்ள தள்ளி, கையை உட்டுத் துழாவி, கண்ணை மூடிக்கிட்டே திருப்புனான். வேர்த்து ஊத்துது அவனுக்கு. ஒரு இழு. குட்டி வந்து உழுந்துச்சு. மூச்சு இல்லை. வாயைத் தொடைச்சு, மூக்குல ஊதி, ரண்டு பின்னங்காலையும் புடிச்சுத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுனான். தும்முச்சுங்க. தும்முனதும் அதைத் தூக்கித் தாய் மூஞ்சிக்கிட்டப் போட்டான். தாய் நக்க ஆரம்பிச்சிருச்சு.

அவன் முழங்கை வரைக்கும் ரத்தம். நான் ஓடிப்போயித் தண்ணி மோந்தாந்து அவன் கையில ஊத்துனன். நான் ஊத்துனனுங்க. குடத்தைச் சாச்சு, நானே. பதினோரு வருசத்துல அவன் கைக்கு நான் தண்ணி ஊத்துனது அன்னைக்குத்தான். கழுவுனான், துண்டுல தொடைச்சான். குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேட்டன், வேண்டாம்னு தலையாட்டுனான். ஆட்டை இன்னொருக்காத் திரும்பிப் பாத்தான். செருப்பைப் போட்டுக்கிட்டு வண்டியில ஏறிப் போயிட்டான்.

ஒரு வார்த்தை பேசலீங்க. நான் ஊத்துன தண்ணிக்கு ஒரு நன்றி, இல்லீன்னா வர்றங்க பண்ணாடின்னு ஒரு சொல்லு. ஒண்ணும் இல்லை. அவ்வளவு திமிரு ஆகாதுங்க மனுசனுக்கு.

அதா, உங்க பஞ்சர் ஆளு வந்துட்டான் பாருங்க.